கோப்பை கழுவும் மெஷின் குடித்த மின்சாரம்

பாவனையாளர் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு மின்மாற்றியைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை நான் சொல்லித்தரப் போவதில்லை. நான் சொல்ல நினைப்பது ஒரு வீட்டுக் குசினியில் நின்ற கோப்பை கழுவும் மெஷினைப் பற்றி. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று படித்த இடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்து நெடுங்காலம் யாரும் கேட்கவுமில்லை. ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தபோது ஒருவர் எங்கள் மின்சாரக் கந்தோருக்கு வந்து கேட்டார்.

கட்டணம் ஏறியிருந்த காலம் அது. முறைப்பாட்டு மேசைக்கு முன்னால் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொருவரும் குற்றவாளி யார் என்று முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். ஒருவருக்குக் குளிர்சாதனப் பெட்டி, இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், வேறொருவருக்கு மீற்றர் வாசிக்க வருபவர். பலருக்கு நாங்கள். கோப்பை கழுவும் மெஷின்மேல் குற்றம் சாட்டிக்கொண்டு வந்தவர் என் அனுபவத்தில் குணரத்தினம் ஒருவர்தான். அவர்கூடக் குற்றம் சாட்ட வரவில்லை. சமாதானம் தேடி வந்திருந்தார்.

அவர் சுவிஸில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, கடைசியில் அந்தக் குசினிக்கே பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சாந்தியும் அங்கே துப்புரவு வேலை செய்தவர். இருவரும் ஊருக்குத் திரும்பித் தெல்லிப்பழையில் வீடு கட்டினார்கள். கொண்டுவந்த சாமான்களோடு அந்த மெஷினும் வந்தது. சாந்தியின் மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. ஈரப் பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்க அவரால் முடியாது.

வீட்டில் மூன்றாவது ஆள் குணரத்தினத்தின் தமக்கை பரமேஸ்வரி. குடும்பம் முழுவதும் வெளிநாடு போனபோது போகாமல் நின்றவர். இராணுவம் காணிக்குள் யாரையும் விடாத வருடங்களில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, காணி திரும்பிய அன்று முதல் ஆளாக உள்ளே போனவர். அந்த வீட்டில் அவருடைய சொல்லுக்கு ஒரு எடை இருந்தது. மெஷின் வந்த பிறகு பில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதும் அவர் ஒரு முடிவு சொன்னார். மெஷின் இருக்கட்டும், நான் கீரிமலையில் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றார். உடுப்புப் பெட்டியும் அடுக்கியாயிற்றாம்.

"ரெண்டு பேருக்கும் நடுவிலை வைக்க எனக்கு ஒரு கடதாசி வேணும் மிஸ்," என்றார் குணரத்தினம். "உந்த மெசின் எவ்வளவு கறண்ட் எடுக்குது எண்டு கந்தோர் எழுதித் தந்தால் காணும்."

எங்கள் கந்தோரில் இதற்குப் பல பதில்கள் இருந்தன. இது எங்கள் வேலையில்லை என்பது ஒன்று. அது சரியான பதில்தான். விதிகளில் எங்கும் கோப்பை இல்லை. மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாற் அளவை, அது ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கிச் சொல்வது இன்னொன்று. அப்படிப் பெருக்கினால் ஒரு தடவை கழுவுவதற்கு ஐந்து யூனிற் அளவில் வரும். பரமேஸ்வரி தன் பெட்டியை அவிழ்த்திருப்பார். சாந்திதான் அடுக்கத் தொடங்கியிருப்பார்.

நான் அவரிடம், மெஷினை நிறுத்திப் பார்த்தீர்களா என்று கேட்டேன். போன மாதம் முழுவதும் நிறுத்தித்தான் வைத்திருந்தோம், தமக்கை பிளக்கைக்கூடக் கழற்றிவிட்டார் என்றார். பில் குறைந்ததா என்றேன். கொஞ்சம் கூடிற்று என்றார்.

இதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். தமக்கையிடம் அதற்கும் விளக்கம் இருந்தது. முதல் மாதங்களில் குடித்ததைக் கந்தோர் இப்போதுதான் கணக்கில் போடுகிறது என்பது அவருடைய கருத்து. எங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் அதை உடனே மறுக்கமாட்டார்கள். ஆனால் பிளக் கழற்றிய மெஷின் மின்சாரம் எடுக்காது. வேறு ஏதோ எடுக்கிறது. அடுத்த நாள் காலை வருகிறேன் என்று சொன்னேன்.

மாரி அப்போதுதான் விட்டிருந்தது. ஒழுங்கை முழுவதும் செம்மண் சேறு. வாகனம் வாசலில் நின்றதும் பரமேஸ்வரி வெளியே வந்து, சாரதியைப் பார்த்து, "வாங்கோ ஐயா, உள்ளை வந்து இருங்கோ," என்றார். சாரதி என்னைக் கையால் காட்டினார். பரமேஸ்வரி என்னை ஒருமுறை பார்த்தார். "சரி, நீங்களும் வாங்கோ பிள்ளை," என்றார்.

தேத்தண்ணீர் வந்தது. என்னை இந்த வேலைக்குப் பழக்கிய அத்தியட்சகர் முறைப்பாட்டு வீட்டில் மீற்றரைப் பார்க்குமுன் ஒன்றும் குடிக்கமாட்டார். குடித்த பிறகு வீட்டுக்காரர் சொல்வது எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடுமாம். நானும் அப்படியே பழகிவிட்டேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். பரமேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை.

மெஷின் சுவரோரம் நின்றது. அதன்மேல் துணி விரித்து, துணியின்மேல் வெங்காயக் கூடை வைத்திருந்தது. பிளக் தனியாகத் தொங்கியது. பரமேஸ்வரி எனக்குப் பக்கத்தில் நின்று மெஷினின் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குத் தனியாக உப்புப் போட வேண்டும். மாத்திரையும் போட வேண்டும். தான் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் கழுவி முடிக்கிற கோப்பையை அது வந்த புதிதில் இரண்டரை மணித்தியாலம் கழுவியது. அது வந்த மாதத்திலிருந்துதான் ட்ரிப் சுவிச் தானாக விழுந்து மின்சாரம் நிற்கத் தொடங்கியது. அந்த மாதத்திலிருந்துதான் தன்னுடைய கையும் விறைக்கத் தொடங்கியது. கிளினிக்குக்குப் போனேன், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சீனி வருத்தம் இல்லை என்றார்கள் என்றார். மெஷினைப் பற்றி அவர்களிடம் சொன்னபோது எழுதிக்கொள்ளவில்லையாம்.

நான் ட்ரிப் சுவிச்சைப் பற்றி மட்டும் கேட்டேன். இப்போதும் விழுகிறதா?

"இல்லைப் பிள்ளை. வயரிங் செய்தவன் வந்து சரிப்பண்ணினவன். பேந்து ஒருநாளும் விழேல்லை."

எப்படிச் சரிப்படுத்தினார் என்று குணரத்தினத்தைக் கேட்டேன். கிணற்று மோட்டர் லைனை வேறாக எடுத்தேன் என்று சொன்னதாக ஞாபகம் என்றார். அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது, மேலே கேட்க ஒன்றுமிருக்கவில்லை. கை விறைப்பு எனக்கும் அந்த நேரத்தில் மெஷினுக்கு எதிரான இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் கேட்டது.

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். கூடத்துச் சுவரில் இருந்த பலகையில் சுவிச்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, ட்ரிப் சுவிச்சையும் தள்ளினேன். மின்விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. பிறகு குணரத்தினத்தோடு வெளி விறாந்தைக்குப் போய் மீற்றரைப் பார்த்தேன். மீற்றருக்குக் கீழே உள்ள பிரதான சுவிச்சை மட்டும் நான் தொடவில்லை. அதையும் நிறுத்தினால் மீற்றர் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

மீற்றரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். உங்களுக்குத் தெரியும். மின்சாரம் ஓடினால் மின்னும். கூட ஓடினால் விரைவாக மின்னும். ஒன்றும் ஓடாவிட்டால் சும்மா இருக்கும். அன்று அது சும்மா இருக்கவில்லை. மின்னிற்று, கொஞ்சம் பொறுத்தது, திரும்ப மின்னிற்று.

குணரத்தினம் என் தோளுக்கு மேலால் பார்த்தார். "மீற்றர் பிழையோ மிஸ்?"

நான் பதில் சொல்லுமுன் வீட்டின் பின்பக்கமிருந்து மோட்டர் சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு படபடவென்று மின்னத் தொடங்கியது.

"அக்கா தண்ணி இறைக்கிறா," என்றார் குணரத்தினம். "காலமைக் கோப்பையள் கிடக்கு."

வீட்டில் எல்லாம் நிறுத்தியிருந்தது. ட்ரிப் சுவிச் கீழே கிடந்தது. அந்த நிலையில் எந்த மோட்டரும் ஓடக்கூடாது. மோட்டர் லைனை வேறாக எடுத்தேன் என்று வயரிங் செய்தவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கியது. அந்த லைன் ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. எங்கோ மண்ணுக்குள் கசிகிறது. கசிவதைக் கண்டுதான் ட்ரிப் சுவிச் முன்பு விழுந்துகொண்டிருந்தது. இப்போது கசிவதைக் காண யாருமில்லை. பரமேஸ்வரியின் கை காண்கிறது.

விறாந்தை ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். கிணற்றடிச் சீமெந்தில் தண்ணீர் நின்றது. அவர் வெறுங்காலோடு குனிந்து வாளியைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தார். இரும்புக் குழாய் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

குணரத்தினம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ விளங்கி, கிணற்றடிக்கு இறங்கப் போனார்.

"அண்ணை, நில்லுங்கோ," என்றேன். "அவவைத் தொடாதேங்கோ. கூப்பிடவும் வேண்டாம்."

அவர் நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். ஈரச் சீமெந்தில் குனிந்து நிற்கும் ஒருவரைத் திடீரென்று கூப்பிட்டால் அவர் நிமிர்வார். நிமிரும்போது பக்கத்தில் உள்ளதைப் பிடிப்பார். பக்கத்தில் இருந்தது குழாய். ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மற்றவர் ஓடிப்போய் இழுத்தால் முறைப்பாட்டில் இரண்டு பேர். இவற்றையெல்லாம் நான் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கை பிரதான சுவிச்சுக்குப் போய்விட்டது. கீழே இழுத்தேன்.

மோட்டர் சத்தம் இறங்கி நின்றது. சிவப்பு விளக்கும் நின்றது.

"தம்பி," என்று கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. "தண்ணி நிண்டிட்டுது. அந்தப் பிள்ளை எதையோ பிழையாக்கிப்போட்டுது போல."

குணரத்தினம் விறாந்தைப் படியில் இருந்துவிட்டார். நான் போய் அவருடைய தமக்கையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். குழாயைத் தொட்டால்தான் கை விறைக்கிறதா என்று கேட்டேன். குழாயை நான் எந்த நாளும் தொடுகிறேன் பிள்ளை, அதனால் எப்படிச் சொல்வது என்றார். பிறகு, ஈரமில்லாத நாளில் அவ்வளவு இல்லை என்றார்.

பலகையைத் திறந்தபோது நான் நினைத்தபடியே இருந்தது. மோட்டருக்குப் போகும் வயர், ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால் பிரதான வயரோடு முறுக்கிவிடப்பட்டிருந்தது. அதைக் கழற்றி, முனையை மூடிக் கட்டினேன். அந்த வயர் போகும் வழியை மண்ணில் தேடினோம். குசினிச் சுவரிலிருந்து வாழைப் பாத்தியைக் கடந்து கிணற்றடிக்குக் குழாய்கூட இல்லாமல் வெறுமனே புதைத்திருந்தது. சாரதி மண்வெட்டி எடுத்தார். வாழைப் பாத்தியில் அது வெட்டுப்பட்டுக் கிடந்தது. மேற்தோல் பிளந்து செம்பு வெளியே தெரிந்தது. செம்பில் பச்சை பிடித்திருந்தது.

அந்த இடத்தில் ஏன் வெட்டுப்பட்டது? அங்கே ஒரு பிளாஸ்ரிக் குழாய் குறுக்கே போயிற்று. கோப்பை கழுவும் மெஷினின் கழிவுத் தண்ணீரை வாழைக்கு விடுவதற்காக, மெஷின் வந்த மாதம் வெட்டிய வாய்க்கால் அது. வாய்க்கால் வெட்டிய மண்வெட்டி வயரில் பட்டிருக்கிறது. அன்று முதல் மெஷின் ஓடும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் அந்தக் காயத்தின்மேல் போய் ஊறியிருக்கிறது. மெஷினை நிறுத்திய மாதம் மாரி பொழிந்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. மோட்டரின் சுவிச் கிணற்றடியில் இருந்ததால், மோட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயரில் எந்நேரமும் மின்சாரம் இருந்தது. இரவு பகலாக அந்த வீடு வாழைப் பாத்திக்கு மின்சாரம் ஊற்றியிருக்கிறது. ஈர மண் வழியாக அது கிணற்றடி இரும்புக் குழாய்க்கும் ஏறியிருக்கிறது.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பரமேஸ்வரி சொன்ன எல்லாமே உண்மை. மெஷின் வந்த மாதம்தான் பில் ஏறியது. அந்த மாதம்தான் ட்ரிப் விழுந்தது. அந்த மாதம்தான் கை விறைத்தது. அவர் பார்த்தது ஒன்றுகூடப் பிழையில்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவு மட்டும்தான் பிழை. பாவனையாளர் சொல்லும்போது பார்த்ததும் முடிவும் ஒன்றாகக் கலந்துதான் வரும். முடிவு பிழை என்று தெரிந்தவுடன் பார்த்ததையும் சேர்த்து எறிந்துவிட்டு வருவதுதான் நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலை.

மோட்டர் லைனைக் கழற்றிய பிறகு வீட்டுக்கு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தேன். புறப்படலாம் என்று நினைத்தேன். பரமேஸ்வரி விடவில்லை.

"மெசினைப் பாக்க வந்தனீங்கள். பாக்காமல் போகப்படாது."

அதுவும் நியாயம்தான். கடதாசி கேட்டது மெஷினுக்கு. தொட்டியில் தண்ணீர் இருந்தது. கழிவுக் குழாயை ஒரு வாளிக்குள் விட்டோம். சாந்தி வந்து வெங்காயக் கூடையை இறக்கினார். கோப்பைகளை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் பிடித்து அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ், கூட எடுத்தால் கூட எண்டே எழுதுங்கோ. எனக்காகக் குறைச்சு எழுதவேண்டாம்."

மெஷினுக்கு மின்சாரம் போகும் ஒற்றை வயரில், ஓடும் மின்சாரத்தை அளக்கிற கொடுக்கு மீற்றரைக் கவ்வவிட்டேன். பரமேஸ்வரி கதிரையை இழுத்து அதற்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார். எண் கூடினால் கூடப் போகிறது, குறைந்தால் குறையப் போகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்குமேல் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் மெஷின் தண்ணீர் எடுத்தது. எண் அசையவில்லை. பிறகு தண்ணீரைச் சுற்றி அடித்தது. கொஞ்சம் ஏறியது, ஒரு மின்விசிறி அளவுக்கு. பிறகு ஒரேயடியாக மேலே போயிற்று. தண்ணீரைச் சூடாக்குகிறது என்றேன். பரமேஸ்வரி தலையை ஆட்டினார், இதைத்தான் நான் சொன்னேன் என்பதுபோல. ஆனால் தேத்தண்ணீர் இரண்டாம் தரம் வந்து ஆறுவதற்குள் எண் திரும்ப விழுந்துவிட்டது. அதன்பிறகு நெடுநேரம் அது மின்விசிறி அளவிலேயே நின்றது. கடைசிக் கழுவலுக்கு முன் இன்னொருதரம் ஏறி இறங்கிற்று. அவ்வளவுதான்.

"உது முழுநேரமும் குடிக்கேல்லை," என்றார் பரமேஸ்வரி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இல்லை அக்கா. தண்ணியைச் சூடாக்கேக்கை மட்டும்தான் குடிக்குது. கழுவுறதுக்குப் பெரிசா ஒண்டும் தேவையில்லை."

இந்த மெஷினைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டியது அவ்வளவும் இதற்குள் இருக்கிறது. தகட்டில் எழுதியிருக்கும் வாற் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும்போது எடுப்பது. அது முழுநேரமும் அப்படி எடுப்பதில்லை. பெரும்பங்கு சூட்டுக்குத்தான் போகிறது. குளிர்நாட்டில் ஐஸ்போலக் குழாய்க்கு வரும் தண்ணீரைச் சூடாக்க எடுப்பதைவிட, எங்கள் வெயிலில் நின்ற தொட்டித் தண்ணீரைச் சூடாக்கக் குறையத்தான் எடுக்கும். முழு ஓட்டத்துக்கும் மீற்றரில் ஏறியது ஏறக்குறைய ஒரு யூனிற். ஒரு சோடிச் சேட்டும் இரண்டு சீலையும் அயன் பண்ணினாலே அதில் பாதி போய்விடும். வாழைப் பாத்தி அதைவிடப் பல மடங்கு ஒவ்வொரு நாளும் குடித்திருந்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. தமக்கைக்கு இரண்டரை மணித்தியாலம் பொறுக்கவில்லை என்பதற்காகக் குணரத்தினம் பிறகு நெடுக விரைவாகக் கழுவும் முறையைத்தான் போட்டு வந்திருக்கிறார். அது கெதியாக முடிய வேண்டும் என்பதால் தண்ணீரைக் கூடச் சூடாக்கும். ஆறுதலாக நெடுநேரம் ஓடும் முறைதான் உண்மையில் குறைய எடுக்கும், நேரம் கூட, சூடு குறைய என்று விளக்கினேன். குணரத்தினத்துக்கு உடனே விளங்கியது. பரமேஸ்வரி அதை ஏற்கவில்லை. கனநேரம் வேலை செய்கிறவன் குறையச் சாப்பிடுவான் என்று சொல்கிறாயா என்று கேட்டார். கடதாசியில் இரண்டு முறையையும் பற்றி எழுதிக் கொடுத்தேன்.

குணரத்தினம் கூப்பிட்டனுப்ப, பின்னேரம் வயரிங் செய்தவர் வந்தார். நாற்பது வயதுக்காரர், அந்தப் பக்கத்தில் நல்ல பெயர் உள்ளவர். குணரத்தினம் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். பொலிசுக்குப் போவேன் என்றார். கை ஓங்கவில்லை, ஆனால் ஓங்குவதற்கு இடம் விட்டு நின்றார். அவரைச் சாந்தி உள்ளே கூட்டிப்போனார். நான் வயரிங் செய்தவரை வாழைப் பாத்திக்குக் கொண்டுபோய் வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினேன். அவர் குந்தியிருந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

ட்ரிப் ஏன் விழுந்தது என்று தெரியும்தானே என்றேன். தெரியும் என்றார். எங்கேயோ ஈரத்தில் கசிகிறது என்று தெரியும். தேடுவதென்றால் முழு நிலத்தையும் கிண்ட வேண்டும். வீட்டில் தண்ணீர் இல்லை, மழை பெய்கிறது, அவசரம் அவசரம் என்று நின்றார்கள். இப்போதைக்கு இப்படி விடுவோம், பேந்து வந்து பார்ப்போம் என்று நினைத்தேன் என்றார். பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

எனக்கு அந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. அன்றைக்கே அவரைப் பற்றி எழுதி மேலே கொடுக்கலாம். குணரத்தினம் அதைத்தான் எதிர்பார்த்தார், விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எழுதத் தொடங்கினால் வயரிங் செய்தவர் சட்டத்தரணியைப் பிடிப்பார். கேட்டால் இந்த ஒரு வீட்டில்தான் இப்படி நடந்தது என்பார். வேறு வழி அவருக்கு இருக்காது.

"தம்பி," என்றேன், "இன்னும் எந்தெந்த வீட்டிலை பேந்து பாப்பம் எண்டு விட்டனீர்?"

அவர் எழும்பவில்லை.

"சொன்னால் என்ன செய்வியள் மிஸ்?"

"முதல் லைனைக் கழட்டுவன். மிச்சத்தைப் பேந்து கதைப்பம்."

அவர் எழும்பிப் போய் எங்கள் வாகனத்தில் ஏறினார்.

அன்று வெளிச்சம் இருக்கும்வரை போன வீடுகள் சில, அந்தக் கிழமை போனவை இன்னும் சில. ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அவர், இந்த வீட்டில் கிணற்று மோட்டர், இந்த வீட்டில் பின் வளவு விளக்கு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலான வீடுகளில் கசிவு இல்லை, ட்ரிப் சுவிச்சைத் தாண்டி முறுக்கியது மட்டும்தான் இருந்தது. ஒரு வீட்டுக்காரர் கழற்ற விடமாட்டேன் என்று மறித்தார். முந்திப்போல விழுந்து விழுந்து கிடக்கும், நான் யாரைக் கூப்பிடுவது என்றார். வயரிங் செய்தவரே அவருக்குப் பதில் சொன்னார்: "விழுந்தால் என்னைக் கூப்பிடுங்கோ அண்ணை. விழாட்டித்தான் பயப்பிட வேணும்." அவர் அதை முதலே யோசித்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு பயணம் இருந்திருக்காது.

இன்னொரு வீட்டில் ஒரு தாய் இருந்தார். மோட்டர் லைனைச் சோதித்தபோது குணரத்தினம் வீட்டில் இருந்ததைவிட மோசமாகக் கசிந்தது. கிணற்றடியில் யாருக்கும் ஏதும் நடந்ததா என்று கேட்டேன். அப்படி ஒன்றுமில்லை என்றார். பிறகு, கிணற்றடியில் நாய் ஒன்று செத்தது, பாம்பு கடித்திருக்கும் என்று மண்ணில் தாட்டுவிட்டோம் என்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த நாயைக் குளிப்பாட்டியது அங்கேதானாம். நான் வயரிங் செய்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. வாகனத்துக்குப் போய்ப் பின்சீற்றில் இருந்தார். அடுத்த நாள் நாங்கள் கேட்காமலேயே இன்னும் இரண்டு வீடு சொன்னார், தான் தொழில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் செய்தவை.

கடைசி வீடு முடிந்த பிறகு நான் அறிக்கை எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், அவர் தானாக வந்து காட்டியதையும் சேர்த்து. அவருக்கு எச்சரிக்கையும் மறுபயிற்சியும் கிடைத்தது. என்னிடம் மேலிடம், இத்தனை வீடுகளுக்கு எந்த முறைப்பாட்டின் பேரில் வாகனம் போயிற்று என்று கேட்டது. கோப்பை கழுவும் மெஷின் பற்றிய முறைப்பாட்டின் தொடர்ச்சி என்று எழுதினேன். அதைப் பற்றி மேலும் ஒரு கேள்வி வந்தது. அதற்கும் அதையே எழுதினேன்.

குணரத்தினம் வீட்டில் மோட்டர் லைனைக் குழாய்க்குள் விட்டு, ட்ரிப் சுவிச்சின் கீழே புதிதாக இழுத்த பிறகு, சோதித்துப் பார்க்க ஒருதரம் போனேன். சாந்தி மெஷினில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி கீரிமலைக்குப் போகவில்லை. தன்னுடைய கோப்பையை மட்டும் தானே கழுவினார். ஒரு யூனிற் என்றாலும் அதுவும் யூனிற்தானே என்றார். அதை மறுக்க நான் போகவில்லை.

சோதித்து முடித்துக் கை கழுவும்போது, நீங்கள் மெஷின்மேல் போட்ட பழி முழுதும் பிழை என்று இப்போது ஒத்துக்கொள்கிறீர்களா அக்கா என்று சும்மா கேட்டேன். அவர் எனக்குத் துவாயை நீட்டினார்.

"நான் உந்த மெசினிலை பழி போடாட்டி, பிள்ளை, நீங்கள் இஞ்சை வந்திருப்பியளோ?"

வந்திருக்கமாட்டோம். குழாயைத் தொட்டால் கை விறைக்கிறது என்று யாரும் மின்சாரக் கந்தோருக்கு வருவதில்லை. கிளினிக்குக்குப் போவார்கள். எங்களிடம் வருவது மெஷின் குடிக்கிறது, பக்கத்து வீட்டான் இழுக்கிறான், மீற்றருக்குள் பேய் இருக்கிறது என்பவைதான். உங்களுடைய மேசைக்கும் வரும். கேட்கும்போது சிரிப்பும் வரும். சிரியுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு சிரியுங்கள்.